பிணத்தை ஊருக்குக் கொண்டுபோகிறவர்கள்

நைஜீரியாவின் லாகோஸ் நகரச் சந்தையில் மிளகாய் விற்ற ஒபியாகேலியின் கடையைத் தேர்தல் நெருங்கியதும் பறித்துக்கொண்டார்கள். அவள் கிழக்கிலிருந்து வந்த இக்போ இனத்துக்காரி, அவ்வளவுதான் குற்றம். அந்த ஊர்க்காரர்களின் யொருபா பேச்சில் அவளை மிஞ்ச அங்கே ஆளில்லை. அது யாருக்கு வேண்டும்?

யொருபாக்காரரான சந்தைத் தலைவர் அகின்லபி கடையைத் திருப்பிக் கேட்டு வந்தவளைப் பார்த்து நாற்காலியில் சாய்ந்துகொண்டு சிரித்தார். "செத்தால்கூடப் பிணத்தைச் சொந்த ஊருக்குத் தூக்கிக்கொண்டு ஓடுகிற கூட்டம் நீங்கள். உன் ஆள் ஒருத்தனாவது இந்த மண்ணுக்குள் கிடக்கிறானா? காட்டு, கடையைத் தருகிறேன்."

"காட்டினால் தருவீர்களா, பாபா?"

"சந்தையே சாட்சி!"

போன தேர்தலன்று அவள் மகன் எகேனேயைத் தலைவரின் அடியாட்கள் இழுத்துப்போனார்கள். பையன் ஊரைவிட்டு ஓடிவிட்டான் என்றார் தலைவர். மறுநாளே அவர் உட்காரும் இடத்துக்குப் புது சிமெண்ட் தளம் போட்டார்கள்.

ஒபியாகேலி பக்கத்துக் கடையில் கிடந்த கடப்பாரையை எடுத்தாள்.

"அப்படியானால் கொஞ்சம் எழுந்திருங்கள், பாபா. உங்கள் நாற்காலிக்குக் கீழேதான் தோண்ட வேண்டும்."