மேட்டைப் பார்த்து நின்ற கார்கள்

குன்னூர்ச் சரிவில், மேகம் உள்ளே நுழைந்து போகும் ஒரு கார் ஷோரூம். வாடகைக் கார் ஓட்டும் பெள்ளிராஜ், அங்கே வாங்கிய காரோடு மறுபடியும் வந்து நின்றான்.

"ரிவர்ஸ் கியர் விழல சார். சவாரியெல்லாம் கைவிட்டுப் போகுது."

"இதுவரைக்கும் யாரும் இப்படிச் சொன்னதில்லப்பா," என்றார் மேனேஜர் வரதன். "இதே கோளாறுள்ள இன்னொரு காரைக் காட்டு, கியர்பாக்ஸையே இலவசமா மாத்தித் தர்றேன்."

பெள்ளிராஜ் வெளியே பார்த்தான். மூடுபனியில் பாதி கரைந்தபடி அதே மாடல் கார்கள், மேனேஜருடையதும் சேர்த்து, மேட்டைப் பார்த்தே நின்றன. நியூட்ரலில் விட்டால் போதும், ரிவர்ஸ் கியர் இல்லாமலே பின்னால் உருளும்.

"உங்க காரைப் பள்ளத்தைப் பார்த்து, சுவரோட ஒட்டி நிறுத்திட்டு, பின்னால எடுத்துக் காட்டுங்க சார். நான் போயிடறேன்."

மேனேஜர் அறைக் கதவைச் சாத்திவிட்டுக் கையை நீட்டினார்.

"உன் கார் சாவியைக் குடு. வெளியே சொல்லிடாதே, அப்புறம் எல்லாருக்கும் மாத்தணும்."

"நான் எதுக்கு சார் சொல்லணும்? பனி விலகினா வெளியே நிக்கற காருங்களே சொல்லும்."