சடையன் கிண்டிய முட்டை

முன்னொரு காலத்தில் ஒரு நாட்டில் சடையன் என்றொரு விகடகவி இருந்தான். நாட்டின் பேரைச் சொன்னால் நீங்கள் அதைத் தேடிக் கிளம்பிவிடுவீர்கள், வேண்டாம். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுப்பதுதான் சடையனின் பிழைப்பு.

ஒருநாள் அரசருக்கு அரண்மனைப் பலகாரம் அலுத்துப்போயிற்று. குடிமக்கள் வீட்டில் காலையில் என்ன உண்கிறார்கள் என்று அவையில் கேட்டார். சடையன் முந்திக்கொண்டான். சின்ன வெங்காயம் வதக்கி, மிளகும் சீரகமும் தட்டிப் போட்டு, முட்டையை உடைத்து ஊற்றிப் பதமாகக் கிண்டுவதை அவைக்கே நாவூறும்படி வர்ணித்தான். அதோடு நிறுத்தியிருக்கலாம். "தினமும் அடியேன் கையால்தான்" என்றும் சேர்த்துக்கொண்டான். உண்மையில் சமைப்பவள் அவன் மனைவி செங்கமலம். சடையன் கை இலைக்கும் வாய்க்கும் இடையில் மட்டுமே உழைத்த கை.

அரசருக்கு முன் உணவை ருசி பார்ப்பவர் மணவாளர். அரசர் தம்மிடம் விஷத்தைப் பற்றி மட்டும் பேசுகிறார், இந்தக் கோமாளியிடம் மற்ற எல்லாவற்றையும் பேசுகிறார் என்று அவருக்கு நெடுநாள் பொருமல். நாளைக் காலை சடையன் வீட்டிலேயே அரசர் உண்ணட்டும், அவன் மனைவி அடுப்பை நெருங்கக் கூடாது, சொன்னது பொய்யானால் அவன் அவைப் பக்கமே வரக் கூடாது என்று அவர் கண்ணியை விரித்தார். அரசரும் சம்மதித்தார்.

சடையன் வீடு சேருமுன் சேதி சேர்ந்திருந்தது. எப்படிச் சமைப்பது என்று மெல்லக் கேட்டான்.

"தினமும் செய்யிற கைக்குத் தெரியாததா?" என்றாள் செங்கமலம், அரிசியில் கல் பொறுக்கியபடி.

கோபமா என்று கேட்டான். அதற்கு அவள், அடுப்புச் சாம்பலை அள்ளிவிட்டதாக மட்டும் சொன்னாள்.

மறுநாள் அரசர் பலகையில் அமர்ந்தார். செங்கமலம் உள்வாசலில் நின்றாள். சடையன் ஊதியதில் விறகு எரியுமுன் அவன் கண்தான் எரிந்தது. வெங்காயம் வதங்குமுன் முட்டையை ஊற்றினான். ஓடும் கொஞ்சம் கூடப் போயிற்று. முட்டையை அடித்தபோது போட்ட உப்பை மறந்து சட்டியிலும் போட்டான். எச்சில் படக்கூடாதே, வாயில் வைத்தும் பார்க்க முடியவில்லை. அடிபிடித்ததை வெட்கத்தோடு இலையில் கொட்டினான்.

மணவாளர் ஒரு விள்ளல் வாயில் போட்டார். உப்புக் கரித்ததில் முகம் மலர்ந்தது; தீர்ப்புச் சொல்ல எழுந்தார்.

"பொறுங்கள் ஐயா" என்றான் சடையன். "கூடை நிறைய மாம்பழம் வந்தால் தாங்கள் என்ன செய்வீர்கள்?"

ஒவ்வொரு பழத்திலும் ஒரு கீற்று ருசிப்பதே மரபு என்றார் அவர் பெருமையாக.

"இதிலும் பல முட்டைகள், அரசே. எந்த முட்டையின் எந்தப் பாகம் எங்கே கிடக்கிறதென்று கிண்டிய எனக்கே தெரியாது. ஐயா ஒரு துணுக்கு மீதம் வைத்தாலும், அதில்தான் விஷ முட்டை இருந்தால்?"

அரசர் மணவாளரைப் பார்த்தார். மரபை மீறினால் பதவி போகும். மணவாளர் இலையில் இருந்தது முழுவதையும் தின்றார். இடையிடையே ஓடு நறநறத்தது.

அரசர் விலா வலிக்கச் சிரித்தார். "உண்ணவும் ஒன்றுமில்லை, குறை சொல்லவும் ஒன்றுமில்லை" என்று முத்துமாலையைக் கழற்றி, "இது சமைக்கும் கைக்கு" என்றார்.

சடையன் கையை நீட்டினான். உள்வாசலைப் பார்த்தான். செங்கமலம் அவனைப் பார்க்கவில்லை. கரிந்த சட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கை தானாகத் தாழ்ந்தது.

"இந்தக் கையல்ல, அரசே. தினமும் சமைப்பவள் அவள். நான் சொன்னது பொய்."

"மணவாளர் தண்ணீர் குடித்த வேகத்திலேயே அறிந்துகொண்டோம்" என்றார் அரசர். மாலை செங்கமலத்தின் கைக்குப் போயிற்று. அவைக்கு வழக்கம்போல் வரச்சொல்லி, பசியோடும் சிரிப்போடும் கிளம்பினார்.

வேடிக்கை பார்க்க வந்த கூட்டம் கலைந்தது. சடையன் தலை நிமிராமல், கோபமா என்று மறுபடியும் கேட்டான்.

"ஆமா, கோவந்தான்" என்றாள் செங்கமலம். "என் சமையலை ஊரறிய உங்களுதுன்னு சொன்னீங்க. மாலை வந்ததும் போயிடாது அது. போற வரைக்கும் சட்டியை நீங்கதான் தேய்க்கணும்."