வயிற்றுப் பிள்ளை மேல் செய்த சத்தியம்

ஒரு சத்தியத்தைப் பற்றிய கதை இது. முடிவில் உங்களிடம் ஒன்று கேட்பேன். அதுவரை யார் பக்கமும் சாய்ந்துவிடாமல் கேளுங்கள்.

கரிசல் பக்கத்து ஊர் ஒன்றில், தீப்பெட்டி செய்யும் ஆபீஸை ஒட்டி ஒரு வரிசை வீடுகள் இருந்தன. எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே கூரை. வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவே ஒற்றைச் செங்கல் சுவர். அதில் ஒரு வீட்டில் ஜெயக்கொடி இருந்தாள். முதல் கரு தங்காமல் போய், நேராத கோயிலுக்கெல்லாம் நேர்ந்து, இப்போது மறுபடி ஏழு மாதம். கணவன் முத்துராசு வேலைக்குப் போனால் பொழுது சாய்ந்துதான் வருவான். பகலெல்லாம் அவள் தனியாள்.

சுவருக்கு அந்தப் பக்கம் செண்பகவல்லி. அவள் கணவன் துரைப்பாண்டி லோடு வேன் ஓட்டுபவன். தெருவில் அவனுக்கு நல்ல பெயர். யார் வீட்டில் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றாலும் வண்டியோடு முதல் ஆளாக வந்து நிற்பான். ஆனால் தன் வீட்டுக்குள் நுழைந்து கதவைச் சாத்தியதும் டிவி சத்தத்தைக் கூட்டுவான். அது கூடினாலே ஜெயக்கொடிக்குக் கையும் காலும் ஓடாது. அந்தச் சத்தத்துக்கு அடியில் அடுத்து என்ன கேட்கும் என்று அவளுக்குத் தெரியும். வரிசையில் இருந்த எல்லாருக்குமே தெரியும்.

ஒருநாள் துணி காயப்போடும்போது செண்பகவல்லியின் உதடு கிழிந்திருந்ததைப் பார்த்து ஜெயக்கொடி சொன்னாள்: "எங்க வீட்டுக்காரர்ட்ட சொல்லுதேன்க்கா. நாலு பேரைக் கூட்டிக் கேக்கட்டும்."

செண்பகவல்லி பதறிப்போனாள். "எங்க அண்ணன் வந்து கேட்டான்ல? அவன் பஸ் ஏறுன கையோட இவரு என் கையை முறிச்சாரு. இன்னொரு தடவ வெளிய தெரிஞ்சா உசுரோட விடமாட்டேன்னு சொல்லியிருக்காரு. சொன்னதச் செய்யுத மனுசன்."

சொன்னவள், ஜெயக்கொடியின் கையைப் பிடித்து அவள் வயிற்றின் மேலேயே வைத்தாள்.

"இந்தப் பிள்ளை மேல சத்தியம் பண்ணு. எங்க வீட்டுல நடக்கத ஒருத்தர்ட்டயும் சொல்லமாட்டேன்னு சொல்லு."

ஜெயக்கொடி, எதிரில் நின்றவளின் கண்ணில் இருந்த பயத்தைப் பார்த்துச் சத்தியம் செய்தாள்.

அதன்பின் டிவி அலறும்போதெல்லாம் காதைப் பொத்திக்கொண்டு அடுப்படியில் உட்கார்ந்திருப்பாள். எல்லாம் அடங்கியபின் செண்பகவல்லி கரண்டிக் காம்பால் சுவரைத் தட்டுவாள். இருக்கிறேன் என்று அர்த்தம். ஜெயக்கொடி பதிலுக்குத் தட்டுவாள். அவளால் ஆனது அவ்வளவுதான்.

ஆடிக் காற்று புழுதியை வாரியடித்த ஒரு மத்தியானம், வேன் வந்து நின்றது. கதவு சாத்தப்பட்டது. டிவி அலறியது. பாத்திரம் உருளும் சத்தம். "அய்யோ, வேண்டாம்" என்ற குரல். பிறகு பாரமான எதுவோ தரையில் விழுந்த சத்தம். அதற்கப்புறம் டிவி மட்டும் பாடிக்கொண்டிருந்தது.

ஜெயக்கொடி சுவரைத் தட்டினாள். பதில் இல்லை. மறுபடி தட்டினாள். காதைச் சுவரில் ஒட்டிவைத்தாள். அந்தப் பக்கம் யாரோ தண்ணீர் ஊற்றித் தரையைக் கழுவும் சத்தம் கேட்டது.

வாசலுக்கு ஓடினாள். வேப்பமரத்தடியில் ஆண்கள் சீட்டாடிக்கொண்டிருந்தார்கள். குழாயடியில் பெண்கள் குடத்தோடு நின்றார்கள். "அக்காவ..." என்று வாயெடுத்தாள். கை தானாக வயிற்றுக்குப் போனது. உள்ளே பிள்ளை புரண்டது.

அடுத்த கணம் அவள் வீல் என்று கத்தினாள்: "பாம்பு! பாம்பு! செண்பகம் அக்கா வீட்டுக்குள்ள பாம்பு போயிருச்சு!"

சீட்டைப் போட்டுவிட்டு அத்தனை பேரும் ஓடிவந்தார்கள். கம்பு வந்தது, கடப்பாரை வந்தது. துரைப்பாண்டி உள்ளேயிருந்து, "இங்க ஒண்ணுமில்ல, போங்க" என்றான்.

"உம் வீட்டுலருந்து எங்க வீட்டுக்கு வந்துரும்யா, கதவைத் திற!" என்றார்கள். அவன் திறக்கவில்லை. கடப்பாரையால் நெம்பினார்கள்.

அடுப்படியில் செண்பகவல்லி தலை உடைந்து கிடந்தாள். மூச்சு மட்டும் இழையாக ஓடிக்கொண்டிருந்தது.

பெரியாஸ்பத்திரியில் நினைவு வர இரண்டு நாளாயிற்று. துரைப்பாண்டியைப் போலீஸ் கொண்டுபோயிருந்தது. கண் விழித்த செண்பகவல்லி முதலில் கேட்டது, "சொல்லிட்டியா?" என்றுதான்.

"இல்லக்கா. பாம்புன்னுதான் சொன்னேன்."

செய்தி கேட்டு வெளியூரிலிருந்து ஆஸ்பத்திரிக்கு வந்த ஜெயக்கொடியின் மாமியார், சத்தியத்தைப் பற்றித் தெரிந்ததும் தலையில் அடித்துக்கொண்டாள். "சுத்தி வளைச்சு மீறுனாலும் மீறுனதுதான். பிள்ளை மேலல்லா பண்ணியிருக்க!" முத்துராசோ, "அவ ஒரு வார்த்தை சொல்லலியே, சத்தியம் அப்படியே நிக்கி" என்றான். கட்டுப் போட்ட தலையோடு செண்பகவல்லி முகத்தைத் திருப்பிக்கொண்டு முணுமுணுத்தாள்: "நான் கேட்டாலும் நீ சத்தியம் பண்ணி வாய மூடியிருக்கக் கூடாது."

அன்று முழுக்க வயிற்றில் அசைவு தெரியவில்லை என்று ஜெயக்கொடிக்குத் தோன்றியது. ஆஸ்பத்திரி வராந்தாவில் வயிற்றில் கை வைத்தபடி, மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

இப்போது சொல்லுங்கள். மூவரில் யார் சொன்னது சரி? ஜெயக்கொடி சத்தியத்தைக் காத்தாளா, மீறினாளா? இதில் குற்றம் என்று ஒன்று இருந்தால், அது யாருடையது?

விடை: அவள் மீறினாள். பாம்பு என்று கத்தியது அந்தக் கதவைத் திறந்து உள்ளே நடப்பதை ஊருக்குக் காட்டத்தான். அதில் மாமியார் சொன்னது சரி. ஆனால் ஓர் உயிரைக் காக்கவென்று வாங்கிய சத்தியம், அந்த உயிரே போகும்போது யாரையும் கட்டாது. அதனால் மீறியது பிழையல்ல. செண்பகவல்லி சொன்னதுபோல், வாய் மூடியிருந்த நாட்கள்தான் பிழை. அந்தப் பிழையிலும் ஜெயக்கொடியின் பங்கு சிறியது. அவளையாவது ஒரு சத்தியம் தடுத்தது. பாம்பு என்றதும் கடப்பாரையோடு ஓடிவந்தவர்கள் அந்தப் பெண்ணின் குரலைத் தினமும் கேட்டவர்கள்தான். அவர்களிடம் யாரும் எந்தச் சத்தியமும் வாங்கவில்லை.