மரகதம் போட்ட தாளம்

பாட்டு கேட்கும் செட்டில் வால்வை, அந்தக் காலத்து ரேடியோவில் ஒளிரும் கண்ணாடிக் குழாயை, எந்த இடத்தில் வைப்பது என்ற கேள்வியைத் தூக்கிக்கொண்டு அறவாழி தன் குருவிடம் போனார்.

குரு வயதில் இளையவர். செல்வநாயகி என்று பெயர். ஆம்ப்ளிஃபயர் கட்டுவதில் கைதேர்ந்தவர். அறவாழிக்கு சால்டரிங் பிடிக்கக் கற்றுக்கொடுத்தவரும் அவர்தான்.

அறவாழி மனக்குறையைக் கொட்டினார். ஞாயிறு மாலையானால் அவரும் மனைவி மரகதமும் கச்சேரி ரெக்கார்டு கேட்பார்கள். கல்யாணமான நாளிலிருந்து அந்த ஒரு பொழுதுதான் இருவருக்கும் சேர்ந்தாற்போல் வாய்த்தது. புது செட் வந்த பிறகு மரகதம் பாதியில் எழுந்துபோக ஆரம்பித்தார். பாடுகிறவர் குரல் காதைக் கீறுகிறது என்றார். குரல் குழையட்டும் என்று அறவாழி பிளேயருக்குப் பின்னால் ஒரு வால்வுப் பெட்டியைச் சேர்த்தார். அடுத்து, ஒலியை முதலில் வாங்கிக் கூட்டும் பிரீ ஆம்ப்பை வால்வாக்கினார். அதோடும் மனம் அடங்காமல், ஸ்பீக்கரை ஓட்டும் பவர் ஆம்ப்பையும் வால்வுக்கு மாற்றினார். இப்போது மரகதம் கூடத்துப் பக்கமே வருவதில்லை.

"எல்லா இடத்திலயும் போட்டுட்டேன் குருவம்மா. இன்னும் ஒசத்தி வால்வா வாங்கணுமோ?"

"ஸ்பீக்கருக்குள்ள ஒண்ணு வைக்க மறந்துட்டீங்களே சார்" என்றார் குரு.

அந்த ஞாயிறே வீட்டுக்கு வந்தார். ஸ்பீக்கர் இரண்டுக்கும் நேர் நடுவில் கிடந்த தன் நாற்காலியை அறவாழி குருவுக்காகத் துடைத்துவைத்தார். குரு அதில் மரகதத்தை உட்காரச் சொன்னார். தனக்கு இந்த மெஷினெல்லாம் தெரியாது என்று மரகதம் நழுவப் பார்த்தார். தெரிய வேண்டாம், ஒரே ஒரு கீர்த்தனை கேட்டால் போதும் என்று குரு கையைப் பிடித்து உட்காரவைத்தார். தான் ஒரு ஸ்டூலை இழுத்துப்போட்டு, ஸ்பீக்கர்களுக்கு முதுகைக் காட்டி, மரகதத்துக்கு எதிரே உட்கார்ந்தார்.

இதென்ன கூத்து என்று அறவாழிக்கு இருந்தது. ஊசியை வைத்தார்.

ரெக்கார்டு ஓடியது. மரகதத்தின் கை தன்னால் தொடையில் தாளம் போட்டது. மிருதங்கம் சேர்ந்ததும் தட்டு எங்கே விழுகிறது என்று தெரியாமல் விரல் தடுமாறியது. கை நின்றுவிட்டது.

செட்டோடு முதலில் வந்த டிரான்சிஸ்டர் பவர் ஆம்ப்பைத் திரும்ப மாட்டச் சொன்னார் குரு. அறவாழி மாட்டினார். மறுபடி அதே பாட்டு. இந்த முறை மிருதங்கம் கறாராக விழுந்தது. கையும் கூடவே போனது. மேல் ஸ்தாயியில் சொற்கள் தெளிவில்லாமல் மெழுகின மாதிரி வந்தபோது மரகதம் வாசல் பக்கம் பார்த்தார்.

பிளேயருக்குப் பின்னால் இருந்த பெட்டியைக் கழற்றச் சொன்னார் குரு. ஆசை ஆசையாக வாங்கியது. முகம் சுண்ட அறவாழி அதையும் கழற்றினார். பிரீ ஆம்ப்பில் மட்டும் வால்வு மிஞ்சியது.

பல்லவி போய், அனுபல்லவி போய், சரணமும் முடிந்தது. மரகதத்தின் கை ஓயவில்லை. ஊசி நடுவுக்கு வந்ததும் கண்ணைத் திறந்து, "பின்பக்கத்தையும் போடுங்களேன்" என்றார்.

அறவாழிக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. ஆனாலும் ஒன்று உறுத்தியது.

"குருவம்மா, நீங்க ஒரு தடவைகூட ஸ்பீக்கர் பக்கம் திரும்பலையே."

"ஏன் சார், எழுந்துபோனது ஸ்பீக்கரா?"