முன்னால் போன கடைசி ஆள்

அநியாயம் நடந்தது எனக்கு. மதுரையிலிருந்து கன்னியாகுமரி வரைக்கும் நாலு நாள் சைக்கிள் மிதித்து, மற்ற மூன்று பேருக்கும் ஒரு மணி நேரம் முன்னதாகப் போய்ச் சேர்ந்த என் கையில், 'செல்லக்கனி, கடைசியாக வந்தவர்' என்று எழுதிச் சான்றிதழ் கொடுத்தார்கள். இதற்குக் காரணமானவர்கள் பகையாளிகள் இல்லை, என் சிநேகிதர்கள். வயிற்றெரிச்சலே அதுதான். நடந்ததைச் சொல்கிறேன், நியாயம் யார் பக்கம் என்று நீங்களே பாருங்கள்.

நாகர்கோவில் பக்கம் காது கேளாத பிள்ளைகளுக்கு ஒரு பள்ளிக்கூடம் இருக்கிறது. பிள்ளைகள் நடந்து வருகிற சாலையில் பின்னால் லாரி ஹாரன் அடித்தால் அவர்களுக்குக் கேட்காது. ஒரு வேன் கிடைத்தால் அந்தப் பயம் இல்லை. தென்னைநார் ஆலை வைத்திருக்கும் ஞானசிகாமணி ஐயாவிடம் ஒரு வேன் சும்மா நின்றது. ஆனால் அவர் எதையும் சும்மா கொடுக்கிறவர் இல்லை. பல்கலைக்கழகத்துப் பிள்ளைகள் மதுரையிலிருந்து கன்னியாகுமரிக்குச் சைக்கிளில் வரட்டும், ஞாயிற்றுக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்குள் கடைசி ஆள் வந்துவிட்டால் வேன் பள்ளிக்கூடத்துக்கு, ஒரு நிமிஷம் பிந்தினாலும் வேன் ஆலைக்கு என்று சொல்லிவிட்டார்.

கிளம்பியது நாலு பேர். மாசிலாமணி எதையும் யோசிக்காமல் செய்யமாட்டான். யோசித்த பிறகும் செய்யமாட்டான். பெனட் சொன்னதைச் செய்வான், சொன்னதை மட்டும். காசிராஜன் அந்த இரண்டு பேரும் செய்வதைச் செய்வான். நாலாவது நான், எம்.ஏ. தத்துவம். உடற்கல்வி ஆசிரியர் காட்வின் சார் எங்கள் பைகளை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு முன்னால் போய்விட்டார். போகும்போது விதிகளை அச்சடித்த ஒரு தாளைக் கொடுத்து, ஓர் எழுத்துப் பிசகாமல் நடக்க வேண்டும் என்றார்.

முதல் விதி: கடைசி ஆளை விட்டுவிட்டு யாரும் முன்னால் போகக்கூடாது.

காலை ஆறு மணிக்குக் கொடி அசைந்தது. நாங்கள் அசையவில்லை.

"கிளம்புடா பெனட்டு," என்றான் மாசிலாமணி.

"நான் கிளம்புனா நீ கடைசி ஆளு. கடைசி ஆளை விட்டுட்டு முன்னாடி போனதா ஆயிரும்."

"அப்ப நான் போறேன்."

"நீ போனா நான் கடைசி. என்னைய விட்டுட்டுப் போயிருவியா?"

காசிராஜனுக்குக் கண் கலங்கிவிட்டது. யாரையும் விட்டுவிட்டுப் போகிற குடும்பத்தில் தான் பிறக்கவில்லை என்றான். கொடி அசைத்தவர் ஒன்பது மணி வரை அசைத்துப் பார்த்துவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார்.

கடைசியில் மாசிலாமணிதான் வழி கண்டுபிடித்தான். பக்கத்தில் பந்தல் பிரித்துக்கொண்டிருந்தவரிடம் நீளமாக ஒரு மூங்கிலை வாங்கி, நாலு சைக்கிள் ஹேண்டில்பாரிலும் குறுக்கே வைத்துக் கட்டினோம். இனி யாரும் முன்னால் இல்லை, யாரும் கடைசியும் இல்லை. சமத்துவத்தைப் பற்றிப் புத்தகத்தில்தான் படித்திருந்தேன், அன்றைக்குத்தான் ஓட்டிப் பார்த்தேன். சாலையை அடைத்துக்கொண்டு ஜோராகப் போனோம். எங்களுக்குப் பின்னால் இரண்டு அரசுப் பேருந்துகளும் ஒரு மாப்பிள்ளை அழைப்புக் காரும் வந்தன. மாப்பிள்ளை இறங்கி, எங்களைத் தாண்டி நடந்தே போய்விட்டார். முகூர்த்தம் தப்பவில்லை என்று பிற்பாடு கேள்விப்பட்டோம்.

விருதுநகர் தாண்டி ஒரு போலீஸ்காரர் கயிற்றை அறுத்துவிட்டு, ஒருத்தர் பின்னால் ஒருத்தராகப் போகச் சொன்னார். மறுபடியும் நின்றுவிட்டோம். முக்கால் நாள் அப்படியே போனது. பிள்ளைகளின் வேன் கண் முன்னாலேயே ஆலைக்குள் போவது போல இருந்தது எனக்கு. அதனால்தான் வாயைத் திறந்தேன்.

விதியைத் திரும்பப் படிக்கச் சொன்னேன். கடைசி ஆளுக்கு முன்னால் யாரும் போகக்கூடாது, அவ்வளவுதான். கடைசி ஆள் முன்னால் போகக்கூடாது என்று எங்கே இருக்கிறது? ஆகவே ஒருவரைக் கடைசி ஆளாக நியமித்து, அவரை எல்லாருக்கும் முன்னால் அனுப்பிவிட்டால் விதி மீறாது, பயணமும் நடக்கும். அரை மணி நேரம் வாதாடினேன். மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அறிவுன்னா கனி அறிவுதான்," என்றான் மாசிலாமணி. அந்த நிமிஷமே என்னைக் கடைசி ஆளாக நியமித்தார்கள். தண்ணீர் பாட்டில் வந்த அட்டைப்பெட்டியைக் கிழித்து, 'கடைசி ஆள்' என்று எழுதி, மூன்று பேரும் கையெழுத்துப் போட்டு என் கழுத்தில் மாட்டினார்கள். வாதத்தில் ஜெயித்த ஒருத்திக்கு இப்படி ஒரு பரிசு உலகத்தில் எங்காவது கொடுத்திருக்கிறார்களா என்று கேட்கிறேன்.

அதற்குப் பிறகு வேகம் பிடித்தோம், மற்ற விதிகள் விட்ட அளவுக்கு. அரை மணிக்கு ஒருமுறை தண்ணீர் குடிக்க வேண்டும் என்பது ஒரு விதி. பெனட் போனில் மணி வைத்திருந்தான். கோவில்பட்டியில் புரோட்டா வாயில் இருக்கும்போது மணி அடித்தது, குடித்தான். கயத்தாறில் கடைக்காரரிடம் வழி கேட்கும்போது அடித்தது, அவர் சொல்லி முடிக்கும் வரை குடித்துவிட்டு, என்ன சொன்னார் என்று என்னைக் கேட்டான். குடித்த தண்ணீருக்காகவும் அரை மணிக்கு ஒருமுறை நிற்க வேண்டியிருந்தது. ஊர் போய்ச் சேரும்வரை ஹெல்மெட்டைக் கழற்றக்கூடாது என்பது இன்னொன்று. தாமிரபரணியில் மூன்று பேரும் ஹெல்மெட்டோடு முங்கி எழுந்து, அதன் ஓட்டைகள் வழியாக ஷாம்பூ ஊற்றிக்கொண்டார்கள். வள்ளியூர் வருவதற்குள் மழைத்தூறல் விழுந்தது. மூன்று தலைகளும் நுரைத்தன.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரை மணி. காவல்கிணறு தாண்டிவிட்டோம், இன்னும் இருபது கிலோமீட்டர்கூட இல்லை. எதிர்காற்று ஆளைத் தள்ளியது. காற்றாலைகள் எல்லாம் மும்முரமாக வேலை செய்துகொண்டிருந்தன. நான் தலையைக் குனிந்து மிதித்தேன். ஐந்து கிலோமீட்டர் மிச்சம் இருக்கையில் திரும்பிப் பார்த்தபோது பின்னால் யாரும் இல்லை.

காசிராஜன் சைக்கிள் பஞ்சர் ஆகியிருக்கிறது. இது எனக்குப் பிறகுதான் தெரியும். ஒருவருக்குக் கஷ்டம் வந்தால் மற்றவர்களும் பங்கிட்டுக்கொள்ள வேண்டும் என்று தாளில் இருந்ததாம். ஆகவே மாசிலாமணியும் பெனட்டும் இறங்கி, தங்கள் சைக்கிள்களின் காற்றைப் பிடுங்கிவிட்டிருக்கிறார்கள். பிறகு மூன்று பேரும் திருப்தியாக உருட்டிக்கொண்டு நடந்திருக்கிறார்கள்.

நான் என்ன செய்வது? நின்றால் வேன் போய்விடும். கடைசி ஆளை மற்றவர்கள் விட்டுவிட்டுப் போகக்கூடாதே தவிர, கடைசி ஆள் மற்றவர்களை விட்டுவிட்டுப் போகக்கூடாது என்று எந்த விதியும் இல்லை. மிதித்தேன்.

பன்னிரண்டுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது போய்ச் சேர்ந்தேன். வேனுக்கு மாலை போட்டிருந்தது. பிள்ளைகள் வரிசையாக நின்றார்கள். ஞானசிகாமணி ஐயா கடிகாரத்தைப் பார்த்தார், சாலையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"மத்த மூணு பேரும் எங்க பிள்ளே?"

"ஐயா, நீங்க கேட்டது கடைசி ஆளை. நான்தான் கடைசி ஆள்," என்று அட்டையைத் தூக்கிக் காட்டினேன்.

கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். மூன்று கையெழுத்தையும் விரலால் தடவிப் பார்த்தார். காட்வின் சாரிடம் இது செல்லுமா என்று கேட்டார். சார் என் முகத்தையும் பிள்ளைகள் முகத்தையும் பார்த்துவிட்டு, கையெழுத்துப் போட்டிருக்கிறார்களே என்றார்.

"கடைசி ஆளே வந்தாச்சுன்னா, அதுக்கு மேல வர யாரு இருக்கா," என்று ஐயா சாவியைத் தலைமையாசிரியை கையில் கொடுத்துவிட்டார். பிள்ளைகள் இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கி ஆட்டினார்கள். அதுதான் அவர்களுடைய கைதட்டல். அந்த ஒரு நிமிஷம் எனக்கு எந்த மனக்குறையும் இல்லை.

ஒரு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது மூன்று பேரும் நுரையோடு வந்தார்கள். அதற்குள் காட்வின் சார் சான்றிதழ்களை எழுதி முடித்திருந்தார். கடைசி ஆள் நான் என்றால் மற்ற மூவரும் எனக்கு முந்தி வந்திருக்க வேண்டும் என்பதால், அவர்கள் மூவருக்கும் 'முன்னதாக வந்தவர்' என்று போட்டிருந்தார். அவர்கள் அதை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள்.

நான் சும்மா இருப்பேனா? வேன் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிப் போகட்டும் என்று காத்திருந்தேன். போனதும் பிடித்துக்கொண்டேன். முதலில் வந்தவள் நான், சாட்சிக்கு ஊரே இருக்கிறது, அட்டை வெறும் ஏற்பாடு, என்னை முதல் ஆள் என்று நீங்கள் மூன்று பேரும் ஒத்துக்கொண்டு எழுதித் தந்தால்தான் மதுரைக்கு வருவேன் என்று உட்கார்ந்துவிட்டேன். மூன்று பேரும் தள்ளிப் போய், ஹெல்மெட்டோடு ஹெல்மெட் முட்டக் குனிந்து ரொம்ப நேரம் பேசினார்கள். திரும்பி வரும்போது காசிராஜன் அழுதுகொண்டிருந்தான். மாசிலாமணி என் கழுத்திலிருந்த அட்டையை மரியாதையாகக் கழற்றித் தன் கழுத்தில் மாட்டாமல் கையிலேயே வைத்துக்கொண்டான். பெனட் சைக்கிளை மதுரைப் பக்கமாகத் திருப்பி நிறுத்தினான்.

"நீ சொல்றது நியாயந்தான் கனி, நீதான் முதல் ஆளு," என்றான் மாசிலாமணி. "நாங்க மூணு பேரும் முன்னதாவே வந்துட்டோம், சான்றிதழ் இருக்கு. அப்படின்னா கடைசி ஆளை வழியில எங்கயோ விட்டுட்டு வந்திருக்கோம். நீ இங்கயே இரு, நாங்க போய்க் கூட்டிட்டு வந்துர்றோம்."