கம்பெனிக் காத்து

கரட்டூர்க்காரர்களிடம் யாரும் ஒரு வார்த்தையைச் சும்மா சொல்லிவிடக் கூடாது. சொன்னால் அப்படியே செய்துவிடுவார்கள். ஒரு தடவை பஸ் கண்டக்டர், "எல்லாரும் முன்னாடி போங்கப்பா" என்று சொல்லித் தொலைத்தார். முப்பது பேரும் இறங்கி பஸ்ஸுக்கு முன்னாடி நடந்தார்கள். பாவம், பஸ் பின்னாலேயே ஊர்ந்து வந்து சேர்ந்தது.

இப்பேர்ப்பட்ட ஊரில் ஒரு ஜீப் சங்கம் இருந்தது. மலைத் தோட்டங்களுக்கு ஆளும் மூட்டையும் ஏற்றிப் போகிற ஜீப்புகள், மொத்தம் அஞ்சு. வருசா வருசம் சித்திரை மாசம் ஒரு போட்டி வைப்பார்கள். கரட்டு உச்சியிலிருந்து கிளம்பி, வற்றிக் கிடக்கிற கண்மாயின் நடுவில் நட்ட கொடியைத் தொட வேண்டும். ரோடு கிடையாது. கல்லும் முள்ளும் பள்ளமும்தான். எந்த வண்டி முதலில் கொடியைத் தொடுகிறதோ அதற்குக் கப்பு.

கப்பு எப்போதும் மொக்கராசுக்குத்தான் போகும். அவன் ஜீப்புக்கு டிராக்டரின் பின் டயரை நாலு பக்கமும் மாட்டி வைத்திருந்தான். வண்டியில் ஏறவே ஏணி வேண்டும். கடைசி இடம் எப்போதும் நம்ம தவசிக்கு. அது அவன் அப்பா வாங்கிய ஜீப். போன வருசம் அவன் கொடியைத் தொட்டபோது போட்டி முடிந்து மூணு நாள் ஆகியிருந்தது. மாடு பத்திக்கொண்டு வந்த சங்கத் தலைவர் கோட்டைச்சாமி அவனைப் பார்த்து நெகிழ்ந்துபோனார்.

"அடுத்த வருசப் போட்டிக்கு இப்பவே வந்துட்டியா? உன்னை மாதிரி ஆர்வம் யாருக்குடா வரும்!"

தவசி வீட்டுக்கு வந்ததும் பெண்டாட்டி அங்கம்மா வாசலை மறித்துக்கொண்டு நின்றாள்.

"இந்தாங்க, சொல்லிட்டேன். வர்ற சித்திரையில ஜெயிச்ச வண்டிதான் இந்த வாசல்ல நிக்கணும். தோத்த வண்டி எங்க அண்ணன்கிட்டப் போயி முட்டைக்கோஸ் ஏத்தட்டும்."

தவசி திரும்பி ஜீப்பைப் பார்த்தான். அப்பா அந்த ஜீப்பைப் பிள்ளை மாதிரி வளர்த்தவர். அதிலும் பின்னால் தொங்கும் ஸ்டெப்னி மேல் அவருக்கு உயிர். பஞ்சர் ஆனால்கூட அதைத் தொட விடமாட்டார். "இப்பவே இதை எடுத்துட்டா, அவசரத்துக்கு என்னடா பண்ணுவே?" என்று கேட்டுவிட்டு, பஞ்சரான சக்கரத்தைத் தலையில் வைத்துக்கொண்டு எட்டு மைல் நடப்பார். அப்படிக் காப்பாற்றிய ஜீப்பில் முட்டைக்கோஸா?

அடுத்த பங்குனியில் தவசி சங்கத்தைக் கூட்டினான். "டிராக்டர் டயரும் என் டயரும் ஒண்ணா? இது என்ன நியாயம்?" என்று கேட்டான். வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொள்வது என்பது இதுதான். ஆனால் அது அவனுக்கு அப்போது தெரியாது.

கேள்வி சரியானது என்று கோட்டைச்சாமிக்கும் பட்டது. கோயம்புத்தூர்ப் பக்கம் பெரிய போட்டி நடத்துகிற ஒரு சங்கத்துக்கு எழுதிப் போட்டார்கள். பத்தாம் நாள் பதில் வந்தது. செயலாளர் பிச்சைமணி எழுந்து நின்று படித்தான். அவன் நாற்பது பக்க நோட்டு ஒன்று வைத்திருப்பான். கண்ணில் பட்டதையெல்லாம் அதில் எழுதிவிடுவான்.

"ஒண்ணு. மாற்றம் செய்யாத வண்டிகள் ஒரு வகுப்பு. கம்பெனியிலிருந்து எப்படி வந்ததோ அப்படியே இருக்க வேண்டும். ரெண்டு. மாற்றம் செய்த வண்டிகளை, அடிப்பாகத்துக்கும் தரைக்கும் உள்ள உயரத்தை அளந்து வகுப்பு பிரிக்கவும். மூணு. ஓட்டுநர் பெல்ட் கட்டி, போட்டி முடியும் வரை வண்டியோடு இருக்க வேண்டும். அளவு எப்போதும் மாறக் கூடாது."

தவசி துள்ளிக் குதித்தான். "என் வண்டியில ஒரு ஆணியைக்கூட நான் மாத்தலை! முதல் வகுப்புல எழுதிக்க!"

கோட்டைச்சாமி ஜீப்பை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

"துரு இருக்கேப்பா. கம்பெனிக்காரன் துரு வச்சா குடுத்தான்?"

"இல்லை தலைவரே."

"அப்ப அது மாற்றம்."

தவசி ரெண்டு நாள் உட்கார்ந்து துருவைத் தேய்த்தான். துரு போயே போய்விட்டது. கூடவே ஜீப்பின் தரையும் போய்விட்டது. கோட்டைச்சாமி மறுபடி வந்து ஓட்டைக்குள் எட்டிப் பார்த்தார்.

"இந்த ஓட்டை கம்பெனி போட்டதா?"

தவசியால் பொய் சொல்ல முடியவில்லை. "நான்தான் போட்டேன்" என்றான்.

"சரி, மனுசன் தப்பு பண்றதுதான். ஓட்டையை மன்னிச்சிரலாம்" என்று தலைவர் பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டு, டயரைத் தட்டினார். "உள்ள இருக்கிற காத்து யாருது?"

இப்படி ஒரு கேள்வி அதுவரைக்கும் யாருக்கும் தோன்றியதில்லை.

"பஞ்சர் கடைக் காத்து, தலைவரே."

"கம்பெனிக் காத்து எங்க?"

"அது எங்கப்பா காலத்துலயே போயிருச்சு."

"அப்ப இந்தக் காத்தை இறக்கு."

இறக்கினான். முதல் வகுப்புக்கு ஆசைப்பட்டு மற்ற மூணு ஜீப்காரர்களும் இறக்கினார்கள். புஸ்ஸென்று அரை மணி நேரம் ஊரே சத்தம். மொக்கராசு மட்டும் இறக்கவில்லை. "எனக்கு ரெண்டாவது வகுப்பே போதும்" என்று ஏணியில் உட்கார்ந்து சிரித்தான். இறக்கி முடித்த பிறகு, கம்பெனிக் காற்றை அடிப்பதற்குக் கம்பெனிக்குப் போக வேண்டும், போவதற்கு டயரில் காற்று வேண்டும் என்று தெரிந்தது. பிச்சைமணி அதையும் எழுதிக்கொண்டான். முதல் வகுப்பில் ஒருத்தருக்கும் இடமில்லை.

"கவலைப்படாதீங்க, ரெண்டாம் வகுப்புல எல்லாரையும் சேர்த்துருவோம்" என்றார் கோட்டைச்சாமி. "வண்டிக்கு அடியில உயரம் அளக்கணும். டேப்பு எடுங்க."

டேப்பை டெய்லரிடமிருந்து வாங்கி வந்தார்கள். "இது சட்டைக்கு அளக்குற டேப்பாச்சே, ஜீப்புக்கு எப்படிச் சரியா வரும்?" என்று பிச்சைமணி கேட்டான். அதுவும் ஞாயம்தானே? திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். கடைசியில் எந்தப் பிராணி வண்டிக்கு அடியில் நுழைந்து அந்தப் பக்கம் வருகிறதோ, அந்தப் பிராணியின் வகுப்பு என்று முடிவானது. கோழி வகுப்பு, ஆட்டு வகுப்பு, கன்றுக்குட்டி வகுப்பு.

மொக்கராசு வண்டிக்கு அடியில் கோழி போனது, ஆடு போனது, கன்றுக்குட்டி போனது. கன்றுக்குட்டியைத் தேடிக்கொண்டு அதன் தாயும் போனது. எந்த வகுப்பில் சேர்ப்பது என்று புரியாமல் கோட்டைச்சாமியே குனிந்து, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நுழைந்து, அந்தப் பக்கம் வந்தார்.

"தலைவர் வகுப்பு" என்று பிச்சைமணி எழுதினான்.

காற்றிறங்கிய ஜீப்புகளுக்கு வந்தார்கள். மூணு ஜீப்பின் அடியிலும் கோழி குனிந்து பார்த்தது, திரும்பி வந்துவிட்டது. அந்த மூணு பேரும் வேடிக்கை பார்ப்பதென்று தீர்மானித்து வீட்டுக்குப் போனார்கள். கடைசியாகத் தவசியின் ஜீப். கோழி உள்ளே போனது! தவசி கையெடுத்துக் கும்பிட்டான். போன கோழி வெளியே வரவில்லை. எட்டிப் பார்த்தால், ஓட்டைக்கு நேர் கீழே காலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்து முட்டை போட்டிருந்தது. அடுத்தடுத்த நாளும் போட்டது. அப்புறம் அடைகாக்க ஆரம்பித்துவிட்டது.

"உள்ள போயிருச்சுல்ல தலைவரே, கோழி வகுப்புல சேர்த்துக்கங்களேன்."

"வெளிய வந்தாதானப்பா தாண்டினதாக் கணக்கு?"

"இருபத்தோரு நாளாகுமே! போட்டிக்கு மூணு நாள்தான் இருக்கு!"

"அதுக்குக் கோழியை அவசரப்படுத்த முடியுமா? நீயே சொல்லு."

தவசிக்கு அழுகையே வந்துவிட்டது. முதல் வகுப்பும் இல்லை, கோழி வகுப்பும் இல்லை. சித்திரை முடிந்தால் மச்சான் குபேந்திரன் கோஸ் மூட்டையோடு வந்து நிற்பான். அப்பாவின் ஜீப்பைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஸ்டெப்னி மேல் முகத்தை வைத்து ஓவென்று அழுதான். முகம் பட்ட இடம் கெட்டியாக, உருண்டையாக இருந்தது. சட்டென்று நிமிர்ந்தான்.

"தலைவரே! இதுல இருக்கிறது கம்பெனிக் காத்து!"

எல்லோரும் ஓடி வந்தார்கள். அப்பா அந்த ஸ்டெப்னியைத் தொட்டதே இல்லை என்பது ஊருக்கே தெரியும். ஆனாலும் நிரூபிக்க வேண்டாமா?

"திறந்து பார்த்தாத் தெரிஞ்சிரும்" என்றான் மொக்கராசு.

"திறந்தாப் போயிருமே" என்றான் தவசி.

"போன பிறகு அது கம்பெனிக் காத்துன்னு எப்படி எழுதுறது?" என்றான் பிச்சைமணி.

கோட்டைச்சாமி ஸ்டெப்னியின் மேல் காதை வைத்துக் கண்ணை மூடினார். ரொம்ப நேரம் கேட்டார்.

"கம்பெனி எந்தப் பக்கம்ப்பா?"

"வடக்க."

"சரிதான். உள்ள இந்தி கேட்குது."

அதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? கம்பெனியிலிருந்து வந்தபடியே இருப்பது ஸ்டெப்னி ஒன்றுதான். மாற்றம் செய்யாத வகுப்பில் ஸ்டெப்னியை மட்டும் சேர்த்துக்கொண்டார்கள். ஓட்டுநர்: தவசி.

போட்டி அன்றைக்குக் கரட்டு உச்சியில் ரெண்டே வண்டி. ஒரு பக்கம் மொக்கராசின் ஜீப், இன்னொரு பக்கம் ஸ்டெப்னி. கொடி ஒன்றுதான் இருந்ததால் ரெண்டு வகுப்பையும் ஒரே நேரத்தில் விடுவதாக ஏற்பாடு. பெல்ட் கட்ட வேண்டுமே என்று தவசி ஒரு தேங்காய்நார்க் கயிற்றின் ஒரு முனையை ஸ்டெப்னியின் நடு ஓட்டையில் மாட்டி, மறு முனையை இடுப்பில் கட்டிக்கொண்டான். மொக்கராசு ஏணி வைத்து வண்டியில் ஏறி உட்கார்ந்து என்ஜினை உறுமவிட்டான்.

"நில்லு" என்றான் பிச்சைமணி நோட்டைப் புரட்டி. "அளவு எப்போதும் மாறக் கூடாதுன்னு போட்டிருக்கு. போற வழியில நீ வண்டியை இறக்கிட்டா? அளந்தவர் கூடவே அடியில வரணும்."

கோட்டைச்சாமி ஒரு பெருமூச்சு விட்டு, மொக்கராசின் ஜீப்புக்கு அடியில் குனிந்து நின்றுகொண்டார். பொறுப்பு என்று வந்துவிட்டால் அவர் பின்வாங்கமாட்டார்.

விசில் ஊதியது. ஜீப் ரெண்டடி நகர்ந்தது.

"டேய், மெதுவாடா! முழங்கால் வலிக்குது!" என்று அடியிலிருந்து குரல்.

"தலைவரே, கொஞ்சம் எட்டிப் போடுங்க! தவசி தள்ள ஆரம்பிச்சுட்டான்!"

"தலைவர்னு இருந்துட்டு ஓடுனா ஊர் என்னடா பேசும்? இரு, வெத்தலை போட்டுக்கிறேன்."

அந்தப் பக்கம் தவசி ஸ்டெப்னியை ஒரு தள்ளு தள்ளினான். நாற்பது வருசமாகச் சும்மா தொங்கிய ஸ்டெப்னி அல்லவா? வெறிபிடித்த மாதிரி உருண்டது. தவசி பின்னாலேயே ஓடினான். "அம்மாடி, ஐயோ, முள்ளு, முள்ளு!" உருள உருளக் கயிறு சுற்றிக்கொண்டு அவனை இழுத்தது. பாதி கரட்டில் கயிறு தீர்ந்துபோனது. அப்புறம் ஒரு சுற்று ஸ்டெப்னி மேலே, ஒரு சுற்று தவசி மேலே. பாறையில் எகிறி, கள்ளிச் செடியைத் தாண்டி, கண்மாய்க்குள் விழுந்து, நேரே போய்க் கொடியில் மோதி நின்றார்கள். நல்லவேளை, கடைசிச் சுற்றில் ஸ்டெப்னி முன்னால் இருந்தது.

மொக்கராசு சாயங்காலம் வந்து சேர்ந்தான். வழியில் கோட்டைச்சாமி ஆடு மேய்க்கிறவரோடு மழையைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டியிருந்தது.

தவசி உடம்பெல்லாம் மஞ்சள் பூசிக்கொண்டு, ஒரு கையில் கப்பும் ஒரு கையில் ஸ்டெப்னியுமாக வீட்டுக்குப் போனான். ஜெயித்துவிட்டேன் என்று சொல்லிக் கப்பை நீட்டினான். அங்கம்மா எல்லாவற்றையும் கேட்டாள்.

"ஸ்டெப்னிதான ஜெயிச்சது?"

"ஆமா."

"அப்ப ஸ்டெப்னி வாசல்ல நிக்கட்டும். ஜீப்பு கோஸ் ஏத்தப் போகட்டும்."

தவசி மூன்று தடவை யோசித்துப் பார்த்தான். ஒரு குறையும் கண்டுபிடிக்க முடியவில்லை. இருபத்தோராம் நாள் கோழி ஏழு குஞ்சோடு அந்தப் பக்கமாக வெளியே வந்ததும், குபேந்திரன் வந்து காற்றடித்து ஜீப்பை ஓட்டிக்கொண்டு போனான். தவசி ஸ்டெப்னியைக் கட்டிக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தான். ஒரு வாய்ச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் மத்தியானம் குபேந்திரன் வேர்த்து விறுவிறுத்து நடந்து வந்தான்.

"மாப்பிள்ளை, மலையில மூணாவது வளைவுல பஞ்சராயிருச்சு. முழு லோடு கோஸ். அந்த ஸ்டெப்னியைக் குடுங்க."

"மச்சான், இது கப்பு வாங்கினது. இதைக் கொண்டுபோய் ஒரு தோத்த வண்டியில மாட்டச் சொல்றீங்களே, நல்லாவா இருக்கு?"

சங்கம் கூடியது. வெகு நேரம் பேசினார்கள். கடைசியில் கோட்டைச்சாமி தொண்டையைக் கனைத்தார்.

"ஜெயிச்சவன் தோத்தவனைத் தேடிப் போறது வழக்கமில்லை. ஸ்டெப்னியை ஜீப்புல மாட்டக் கூடாது. ஜீப்பைக் கொண்டுவந்து ஸ்டெப்னியில மாட்டுங்க."

பதினாறு பேர் மலையேறி ஜீப்பைத் தோளில் தூக்கினார்கள். தரையில் இருந்த ஓட்டை வழியாக கோஸ் ஒவ்வொன்றாக உருண்டுவிட்டதால், ஊர் வந்து சேரும்போது வண்டி லேசாகத்தான் இருந்தது. தவசியின் வாசலில் இறக்கி, ஸ்டெப்னி இருந்த இடத்திலேயே இருக்க, அதில் ஜீப்பைப் பொருத்தி அஞ்சு நட்டையும் முடுக்கினார்கள்.

"ஜெயிச்ச வண்டிதான் வாசல்ல நிக்கணும்னு நீதான சொன்ன?" என்று தவசி அங்கம்மாவைப் பார்த்துக் கேட்டான். சொன்னது அவள்தான். குபேந்திரன் மீதி கோஸைத் துண்டில் கட்டிக்கொண்டு கிளம்பினான். தவசி அப்பாவின் ஜீப்பைத் தடவித் தடவிச் சிரித்தான்.

பிச்சைமணி மட்டும் சிரிக்கவில்லை. நோட்டைத் திறந்து, எச்சில் தொட்டுப் பக்கத்தைப் புரட்டி, முதல் வகுப்பில் இருந்த ஸ்டெப்னியின் பெயரை அடித்துவிட்டுப் பக்கத்தில் எழுதினான்:

"மாற்றம் செய்யப்பட்டது. கூடுதலாக ஒரு ஜீப் பொருத்தியிருக்கிறார்கள்."