சக்கரம் தொடாத நடை

தென்கோடிக் கடலில் காலை நனைத்துவிட்டு, மலைமுதுகு வழியாகவே வடக்கே நடந்து போகிறவர்கள் சிலர் உண்டு. மாதக்கணக்கில் நடப்பார்கள். வீடு, அடுப்பு, படுக்கை எல்லாம் முதுகில் தொங்கும் ஒரே பைக்குள். அப்படிப் போகிறவர்களில் இசக்கியம்மாளைத் தெரியாதவர் இல்லை. நாற்பதைத் தாண்டிய ஒல்லியான பெண். அதிகம் பேச மாட்டாள். ஒவ்வோர் ஆண்டும் மழை ஓய்ந்ததும் ஒருவரை மட்டும் தன்னோடு கூட்டிப் போவாள். குரு என்று யாராவது கூப்பிட்டால் திரும்பியே பார்க்க மாட்டாள்.

அந்த ஆண்டு அவளோடு புறப்பட்டவர் தைரியநாதன். ரயில் என்ஜின் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். அவளைவிட வயதில் ரொம்ப மூத்தவர். அவள் அவரை அண்ணாச்சி என்றாள். அவர் அவளை அம்மா என்றார்.

புறப்பட்ட அன்று காலை கடலில் நின்றபடி, ஒரு கை தண்ணீரை அள்ளிக்கொண்டு அவர் சொன்னார்: "இந்த நடை முடியுற வரைக்கும் சக்கரம் வச்ச எதுலயும் ஏற மாட்டேன்."

"யாருகிட்ட சொல்லுதீங்க அண்ணாச்சி?"

"எனக்கு நானே சொல்லிக்கிட்டேம்மா."

"சரி" என்று அவள் பையின் வாரை இறுக்கிக்கொண்டாள்.

முதல் சில நாட்கள் பாதம் முழுக்கக் கொப்புளம். அவள் ஊசியில் நூல் கோத்துக் கொப்புளத்தில் ஓட்டி, நூலை அப்படியே விட்டுவிடச் சொன்னாள். நீர் தானாக வடிந்தது. காட்டுக்குள் நுழைந்ததும் அட்டை. மழைக்கு ஒதுங்க இடமில்லாமல் நனைந்த கூடாரத்திலேயே படுத்து, ஈரச் சட்டையையே காலையில் மறுபடி மாட்டிக்கொள்ளப் பழகினார். அவலும் கருப்பட்டியும் தின்று பசி ஆறப் பழகினார். முதுகுப் பை முதலில் ஆள் உட்கார்ந்திருப்பதுபோல் கனத்தது. பிறகு அதைக் கழற்றி வைத்தால்தான் உடம்பு எதையோ தேடியது.

இசக்கியம்மாளுக்கு விரதம் எதுவும் கிடையாது. அரிசி பருப்பு வாங்க அடிவாரத்து ஊர்களுக்கு இறங்கும்போது, யாராவது வண்டியை நிறுத்தி ஏறச் சொன்னால் ஏறிக்கொள்வாள். அவர் வெயிலில் தார் ரோட்டில் நடந்தே வந்து சேர்வார். ஒருமுறை அணைத் தண்ணீர் குறுக்கே வந்தது. பரிசல்காரர் காத்து நின்றார்.

"இதுல ஏறலாமாம்மா?"

அவள் குனிந்து பரிசலின் அடியைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். "சக்கரம் ஒண்ணும் காணலியே அண்ணாச்சி."

பரிசல்காரர் சிரித்தார். தைரியநாதனும் சிரித்துக்கொண்டே ஏறினார். ஆனாலும் அக்கரையில் இறங்கும்வரை நன்றாக உட்காராமல் குத்தவைத்துத்தான் வந்தார்.

எதிரே வரும் வழிநடைக்காரர்களிடம் அவர் முதலில் சொல்வது தன் விரதத்தைத்தான். "கடல்லேருந்து கால்நடையாவே வாரேன். சக்கரம் வச்ச எதுலயும் ஒரு அடிகூடப் போகல." கேட்டவர்கள் வியந்துபோய் அவர் கையைப் பிடித்துக் குலுக்குவார்கள். இசக்கியம்மாள் சற்றுத் தள்ளி நின்று தண்ணீர் குடித்துக்கொண்டிருப்பாள்.

ஏன் இப்படி ஒரு விரதம் என்று அவள் கேட்கவே இல்லை. ஒரு மாலை, சுள்ளி பொறுக்கிக்கொண்டிருந்தபோது அவராகவே சொன்னார்.

"என் ரயிலுக்கு முன்னால மூணு பேரு விழுந்திருக்காங்கம்மா. வேற வேற ஊருல, வேற வேற வருஷத்துல. பிரேக் போட்டாலும் நிக்காது. அம்புட்டுக் கனம். தாண்டிப் போயித்தான் நிக்கும். அசிஸ்டென்ட் எறங்கிப் போய்ப் பாத்துட்டு வருவான். அப்புறம் சிக்னல் விழும். நான் வண்டிய எடுக்கணும்."

"நீங்க எறங்கிப் பாக்க மாட்டீங்களா?"

"எறங்கினதில்ல."

அவள் சுள்ளிகளைக் கட்டி அவர் தோளில் வைத்தாள்.

ஏலத்தோட்டங்கள் தொடங்குகிற மலைக்கு வந்தபோது நடை பாதியைத் தாண்டியிருந்தது. பாறைச் சரிவு ஒன்றின் அடியில் ஆள் முனகும் சத்தம் கேட்டது. முதலில் இசக்கியம்மாளுக்குத்தான் கேட்டது. பையைக் கழற்றிப் போட்டுவிட்டுச் சரிவில் இறங்கினாள்.

முப்பது வயது மதிக்கத்தக்க ஒருவர். தேன் எடுக்கப் பாறையில் ஏறியவர் போலிருந்தது. இடுப்பில் அறுந்த கயிறு. முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்து தோலைக் கிழித்திருந்தது. கண்கள் மேலே செருகி, உதடு வெளுத்துப்போய்க் கிடந்தார். சுற்றிலும் இலைச்சருகு ரத்தத்தில் ஊறியிருந்தது.

அவள் தைரியநாதனின் ஊன்றுகோல்களை இரண்டு பக்கமும் வைத்து, அந்த மனிதரின் வேட்டியைக் கிழித்துக் காலைக் கட்டினாள். தைரியநாதன் அவரை முதுகில் தூக்கிக்கொண்டார். பைகளை அங்கேயே போட்டுவிட்டு, ஏலச் செடிகளுக்கு நடுவே வழுக்கி வழுக்கி இறங்கினார்கள். தோட்டத்து மண்ரோட்டுக்கு வந்து சேர்ந்தபோது தைரியநாதனுக்கு மூச்சு வாங்கியது. முதுகெல்லாம் ரத்தம்.

மூட்டை ஏற்றிக்கொண்டு ஒரு ஜீப் வந்தது. டிரைவர் நல்லவர். விஷயம் புரிந்ததும் இரண்டு மூட்டைகளை ரோட்டோரம் தள்ளி இடம் பண்ணினார். காயம்பட்டவரைப் படுக்கவைத்தார்கள்.

"கூட ஒருத்தர்தான் ஏற முடியும். காலு ஆடாமப் பிடிச்சுக்கணும். ரோடு ரொம்ப மோசம்" என்றார் டிரைவர்.

"நீங்க ஏறுங்கம்மா" என்றார் தைரியநாதன்.

அவள் காயத்தின் மேல் இரண்டு கையையும் வைத்து அழுத்தினாள். விரல்களுக்கு நடுவே ரத்தம் கசிந்தது. தைரியநாதனின் கையைப் பிடித்து இழுத்து அதே இடத்தில் வைத்தாள். கசிவு நின்றது.

"என் கைக்கு இந்த அழுத்தம் வராது அண்ணாச்சி" என்றாள். ஏறுங்கள் என்று சொல்லவில்லை.

தைரியநாதன் ஜீப்பின் பின் சக்கரத்தைப் பார்த்தார். சேறு அப்பியிருந்தது. டிரைவர் என்ஜினைக் கிளப்பினார். காயத்திலிருந்து கையை எடுக்காமலே, ஒரு காலைத் தூக்கி வைத்து, அவர் ஏறிவிட்டார்.

"ஆஸ்பத்திரியிலேயே இருங்க. நான் வந்து சேந்துக்கிடுதேன்" என்று அவள் பின்னாலிருந்து சொன்னது கேட்டது.

வழி நெடுக வண்டி தூக்கிப் போட்டது. ஒவ்வொரு குலுக்கலுக்கும் அந்த மனிதர் கத்தினார். தைரியநாதன் கையை அழுத்தியபடியே வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். மரங்கள் பின்னால் ஓடின. அவர் நடந்திருக்க வேண்டிய மேடுகள், வளைவுகள், ஒரு சின்ன ஓடை, எல்லாம் நொடியில் கடந்து போயின. உடம்புக்குள் சக்கரம் உருளும் அதிர்வை அவர் நன்றாக அறிவார். எத்தனையோ ஆண்டு அதன்மேல் உட்கார்ந்தே சோறு தின்றவர். கண் கலங்கியது. காயத்தைப் பார்த்துக் கலங்குகிறார் என்று கண்ணாடியில் பார்த்த டிரைவர் நினைத்துக்கொண்டார்.

"ஒண்ணும் ஆகாது சார். போயிரலாம்" என்றார்.

ஆஸ்பத்திரியில் ஆளை உள்ளே கொண்டுபோனார்கள். சீட்டுப் போடுகிற இடத்தில் விவரம் கேட்டபோது, "டிரைவர்கிட்ட கேளுங்க, இந்த ஊர்க்காரரு" என்று சொல்லிவிட்டு வெளியே வந்து குழாயடியில் சட்டையைக் கசக்கினார். கறை முழுதாகப் போகவில்லை.

அன்று மாலையே மழை பிடித்துக்கொண்டது. மலைரோடு ஓரிடத்தில் அறுந்துவிட்டதாகவும் வண்டி எதுவும் வராதென்றும் பேசிக்கொண்டார்கள். இசக்கியம்மாள் மேலே போய்ப் பைகளை எடுத்துக்கொண்டு காட்டுவழியாக நடந்துதான் வரவேண்டும். தைரியநாதன் ஆஸ்பத்திரி வராந்தாவில், நோயாளிகளின் உறவுக்காரர்களோடு துண்டை விரித்துப் படுத்தார். டீக்கடையில் ரொட்டி வாங்கி, ஒன்றைத் தான் தின்று, மற்றதை நர்ஸிடம் கொடுத்து உள்ளே அனுப்பினார். ஒவ்வொரு நாளும் அனுப்பினார். உயிருக்கு ஆபத்தில்லையே என்று கேட்டுக்கொண்டார். மற்ற நேரமெல்லாம் தூணில் சாய்ந்து மலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கடலிலிருந்து அங்கே வரை ஒரே கோடாக வந்த நடை. அது அறுந்துபோனது. திரும்பக் கடலுக்கே போய்த் தொடங்குவதா? இந்த வயதில் கால் தாங்குமா? ஜீப் ஏறிய இடத்திலிருந்து நடந்தால் கணக்கில் சேருமா? இன்னும் சற்று முன்னாலேயோ பின்னாலேயோ அந்த இடத்தைக் கடந்திருந்தால் அந்த முனகலே காதில் விழுந்திருக்காது என்று ஒரு தரம் தோன்றியது. தோன்றியதும் பதறிப்போய் எழுந்து, முற்றத்தில் மழையில் போய் நின்றார்.

அடுத்த நாள் நர்ஸ் வந்தாள். "நீங்க கொண்டுவந்தவருக்கு நல்லாத் தெளிஞ்சிருச்சு. யாரு தூக்கிட்டு வந்ததுன்னு கேட்டுட்டே இருக்காரு. உள்ள வாங்க சார்."

"இதோ வாரேன்" என்றார்.

போகவில்லை. மறுநாளும் நர்ஸ் கூப்பிட்டாள். அன்றும் அதையே சொன்னார்.

மழை விட்ட ஒரு பிற்பகலில் இசக்கியம்மாள் வந்து சேர்ந்தாள். முதுகில் ஒரு பை, நெஞ்சில் ஒரு பை. கணுக்கால் வீங்கியிருந்தது. அவர் ஓடிப்போய்ப் பைகளை வாங்கிக்கொண்டார். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அவள் வராந்தாப் படியில் உட்கார்ந்து முழுவதையும் குடித்தாள்.

"முடிஞ்சு போச்சும்மா" என்றார் அவர்.

"என்னது?"

"என் நடை. உங்க கண்ணு முன்னாலதான ஏறினேன்."

அவள் பூட்ஸின் கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினாள். ஈரத்தில் முடிச்சு இறுகியிருந்தது.

"தப்புன்னு சொல்லல. ஏறித்தான் ஆகணும், ஏறினேன். ஆனா மனசு ஆற மாட்டேங்கு. இத்தன நாளு இங்க உக்காந்து இதையேதான் நெனச்சிட்டிருக்கேன். நீங்கதான் சொல்லணும். எங்கேருந்து மறுபடி ஆரம்பிக்க? கடலுக்கே திரும்பிப் போகணுமா? ஜீப்புல ஏறின எடத்துலேருந்து நடந்தாப் போதுமா? எங்கன்னு சொன்னாலும் போறேன்."

முடிச்சு அவிழ்ந்தது. அவள் பூட்ஸைக் கழற்றிக் கவிழ்த்தாள். தண்ணீர் கொட்டியது.

"அந்த ஆளு எப்படி இருக்காரு?"

"நல்லாருக்காரு. காலை எடுக்க வேண்டியிருக்காதுன்னு சொல்லிட்டாங்க."

"பேசுதாரா?"

"பேசுதாராம்."

அவள் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள்.

"அவரு பேரு என்ன?"

தைரியநாதன் தலையைத் திருப்பினார். வார்டு ஜன்னல் பக்கம் பார்த்தார். உள்ளே யாரோ இருமினார்கள். ஒரு பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது. கறை போகாத சட்டையின் முன்பக்கத்தை அவர் கை தானாக இழுத்துவிட்டுக்கொண்டது.

"தெரியலம்மா" என்றார்.

இசக்கியம்மாள் அடுத்த பூட்ஸின் முடிச்சில் கை வைத்தாள்.

"அப்ப அங்கேருந்து ஆரம்பிங்க அண்ணாச்சி" என்றாள்.